டெல்பர்ட் கண்டெடுத்த எண்பத்தைந்து

கிளைன்ஸ்பர்க்கில் ஹார்லன் கிரைடரைத் தெரியாதவர் கிடையாது. நகைக்கடையின் ஜன்னலோரம் நாற்பது வருடம் உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்த்தவர், மோதிரத்தில் பெயர் வெட்டியவர். ஊரில் கல்யாணம் ஆனவர்களில் பாதிப் பேர் விரலில் அவர் வெட்டிய எழுத்துதான். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்ததில்லை, அடுத்தவர் வேலிக்குள் எட்டிப் பார்த்ததில்லை, ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் மூன்றாவது பெஞ்சு. "அந்த மனுஷன் வாயில பொய் வந்து நாங்க கேட்டதே இல்ல" என்பார்கள். அது வாஸ்தவம்தான். ஆனால் பொய்யை வாயால்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஹார்லன் கையால் சொன்னார். ஒரே ஒரு தடவை. அது அவரை முப்பத்தாறு வருடம் சும்மா விட்டு வைத்திருந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம் செப்டம்பர் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து தோளைத் தொட்டது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாணயச் சங்கம் கூடியிருந்தது. மொத்தம் பதினாலு பேர். பச்சைத் துணி விரித்த தட்டில் காசு ஒவ்வொருவராகக் கை மாறிக்கொண்டு போகும். விளிம்பை மட்டும்தான் பிடிக்க வேண்டும். காசின் மேல் குனிந்துகொண்டு பேசக் கூடாது. எச்சில் தெறித்தால் நிக்கலில் கறுப்புப் புள்ளி விழும், பிறகு ஜென்மத்துக்கும் போகாது. யாராவது பேசினால் செயலாளர் பெர்னிஸ் ஃபாக்லர் அதட்டுவார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு நடத்திய அம்மா. அவர் சேர்ப்பது மூன்று சென்ட் நிக்கல். காசு சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பேச்சுதான் முழம் முழமாக வரும்.

டெல்பர்ட் சாவ்டர் எழுந்து தொண்டையைச் செருமினார். ஓய்வு பெற்ற தபால்காரர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஹார்லனின் சிநேகிதர்.

"ஒரு சேதி சொல்லணும். என் எண்பத்தஞ்சாம் வருஷ நிக்கல நம்ம மாவட்ட மியூசியத்துல வைக்கப் போறாங்க. கண்ணாடிப் பெட்டியில. கீழ என் பேரப் போட்டு, முப்பத்தேழுல எப்படிக் கெடச்சதுன்னு எழுதி."

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஹார்லனும் தட்டினார்.

"ஒரே ஒரு காகிதம் கேக்குறாங்க," என்றார் டெல்பர்ட். "வாஷிங்டன்ல புதுசா ஒரு ஆபீஸ் தொறந்திருக்காங்கல்ல, காச மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்து அசல்தான்னு எழுதிக் குடுக்குறாங்களே, அங்க அனுப்பி வாங்கணுமாம். அக்டோபர் ஒண்ணாந்தேதி ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடறேன்."

மறுபடி எல்லோரும் கை தட்டினார்கள். ஹார்லனின் கை நடுவில் நின்றுவிட்டது.

"என்ன கிரைடர், மூஞ்சி சுண்ணாம்பாட்டம் ஆயிடுச்சு?" என்றார் பெர்னிஸ். "ஒங்க வீட்டம்மா வெல்மா ஆக்கிப் போட்ட பன்னிக்கறி ஒத்துக்கலையா?"

"ஆமா. கொஞ்சம் புளிச்ச முட்டைக்கோஸ் அதிகமாயிடுச்சு."

"வயசுக்கேத்த மாதிரி தின்னணும்," என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

முப்பத்தேழாம் வருடம் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். அப்போது ஹார்லனுக்கு இருபத்தெட்டு வயது. அந்த வயதுக்கு 'அவர்' என்று சொல்ல வாய் வரவில்லை, அவன் என்றே வைத்துக்கொள்வோம். ஊரை அட்டைப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம். பெரிய அட்டை, அதில் வருடம் அச்சிட்ட துளைகள். கைக்கு வரும் சில்லறையைப் பொறுக்கிப் பொறுக்கி ஒவ்வொரு துளையாக அடைக்க வேண்டும். ஒரு பக்கம் கிரீடம் வைத்த பெண் தலையும் மறுபக்கம் பெரிய 'வி' எழுத்தும் போட்ட பழைய ஐந்து சென்ட் நிக்கல் அப்போதும் கடைகளில் புழங்கியது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றிலிருந்து அடித்த காசு. தேடினால் எல்லா வருடமும் கிடைக்கும், எண்பத்தைந்து மட்டும் கிடைக்காது. அந்த வருடம் அடித்ததே குறைவு. ஊரில் யார் வீட்டு அட்டையை எடுத்தாலும் அந்த ஒரு துளை பல் விழுந்த ஈறு மாதிரி இளிக்கும்.

டெல்பர்ட்டுக்கு அந்த வருடம் தொட்டதெல்லாம் விளங்காமல் போனது. பட்டு ஆலை மூடி வேலை போயிற்று. நிச்சயம் செய்த பெண் ஓர் இன்ஷூரன்ஸ்காரனோடு பிலடெல்பியாவுக்குப் போய்விட்டாள். இவன் கடை கடையாக ஏறி இறங்கி, கல்லாவைத் திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சி, நிக்கல்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். "உனக்கு வேற பொழப்பு இல்லயா?" என்று கடைக்காரர்கள் கேட்டால், "இல்ல, அதான பாக்குறேன்" என்பான்.

ஹார்லன் அப்போது உளி பிடித்துப் பழகிக்கொண்டிருந்தவன். கை நன்றாக ஓடியது, தலைக்கனமும் கூடவே ஓடியது. ஓர் எண்பத்து மூன்றை எடுத்துக்கொண்டான். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கடைசி இலக்கத்தின் மேல்வளைவைச் சுரண்டி எடுத்து, பக்கத்து உலோகத்தை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக் குவித்து, மூன்றை ஐந்தாக்கினான். பிறகு கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தான். விளையாட்டுக்குத்தான். டெல்பர்ட்டை ஒரு வாரம் துள்ள விட்டு, அப்புறம் "மடையா, இது நான் செஞ்சதுடா" என்று சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று திட்டம். அவர்கள் சிறு வயதிலிருந்தே இப்படித்தான். ஒருவன் பூட்சுக்குள் மற்றவன் தவளையை விடுவான்.

பாலத்தடிச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். பணிப்பெண் மீதிச் சில்லறையை வைத்துவிட்டுத் திரும்பியதும், ஹார்லன் அதில் ஒரு நிக்கலைத் தன் நிக்கலாக மாற்றி வைத்தான். டெல்பர்ட் வழக்கம்போலக் காசைப் புரட்டினான். வெளிச்சத்தில் பிடித்தான். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். துள்ளவில்லை. அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். காசு கைநழுவித் தரையில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் பதறி நாற்காலியை நகர்த்தினார், காசை எடுத்துக் கொடுத்தார், முதுகைத் தட்டினார். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் போட்டோவோடு வந்தது.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஹார்லன் தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் காசுப் பைத்தியமான தபால் அதிகாரி டெல்பர்ட்டைக் கூப்பிட்டு அனுப்பினார். காசைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பொறுமையாத் தேடுற ஆளு தபாலத் தொலைக்க மாட்டான்" என்று தற்காலிக வேலை போட்டுக் கொடுத்தார். அது நிரந்தரமாயிற்று. பத்திரிகையில் போட்டோவைப் பார்த்த லோயிஸ் என்ற பெண் காசைப் பார்க்கிறேன் என்று வந்தாள். காசைப் பார்த்தது இரண்டு நிமிடம், ஆளைப் பார்த்தது முப்பத்து மூன்று வருடம். அந்தக் காசை வைத்துத்தான் சங்கமே ஆரம்பித்தார்கள். சங்கத்தில் நல்ல காசு, கெட்ட காசு பார்த்துச் சொல்ல கூர்மையான கண் ஒன்று வேண்டுமே, யாரைப் போடுவது? ஹார்லன் கிரைடரைப் போட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

போன வருடம் சஸ்குவஹானா ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்தபோது டெல்பர்ட் டி.வி.யை விட்டார், கல்யாண ஆல்பத்தை விட்டார், காசை மட்டும் உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகில் ஏறினார். அன்றைக்கு ஹார்லன் மனசுக்குள் வேண்டிக்கொண்டது வெளியே சொல்ல முடியாத வேண்டுதல். ஆறு அந்தக் காசைக் கொண்டுபோகட்டும் என்று வேண்டினார். லோயிஸ் செத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. டெல்பர்ட்டுக்கு மிச்சம் இருந்ததே இரண்டு: அந்தக் காசு, அப்புறம் ஹார்லன்.

இப்போது மைக்ராஸ்கோப்பு. அதன் அடியில் உளித்தடம் ஏர் ஓட்டிய வயல் மாதிரித் தெரியும். யாராவது ஒரு பையன் பார்த்துவிட்டு, 'இலக்கம் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்புவான். டெல்பர்ட் அதைத் தனியாக உட்கார்ந்து படிப்பார். ஊரில் அந்த மாதிரி வேலை தெரிந்த கை ஒன்றே ஒன்று என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாளே ஹார்லன் அவர் வீட்டுக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"டெல், தபால்ல அனுப்பறது எனக்கென்னமோ சரியாப் படல. வழியில தொலைஞ்சு போச்சுன்னா?"

டெல்பர்ட் காப்பிக் கோப்பையை டக்கென்று வைத்தார். "முப்பத்து மூணு வருஷம் தபால் தூக்குனவன் வீட்டுல ஒக்காந்துகிட்டு, தபால் தொலையும்னு சொல்ற. ஒனக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கணும்?"

"அதுக்கில்லடா..."

"ரிஜிஸ்டர் தபால் தொலையாது. நான் ஒண்ணு தொலைச்சிருக்கனா? நாய் கடிச்சப்பக்கூடப் பைய விடல. தொடையத்தான் குடுத்தேன்."

"மியூசியத்துக்கு என் எழுத்து போதாதா? நான் பாத்துட்டேன், அசல்தான்னு எழுதித் தரேன்."

சொல்லிவிட்டு அவருக்கே உடம்பு கூசியது. டெல்பர்ட்டோ சிரித்தார். "நீ எழுதிக் குடுத்தா எனக்குப் போதும்டா ஹார்லி. அவங்களுக்குத்தான் வாஷிங்டன் முத்திரை வேணுமாம். நம்ம ஊரு கண்ணு பத்தாதாம்."

ஹார்லனுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை தொப்பியை எடுத்து மாட்டுவார், நாலு தடவை கழற்றி வைப்பார். சோறு இறங்கவில்லை. வெல்மா கேட்டே விட்டாள்: "ஏன் இப்படிப் பேயறைஞ்சவன் மாதிரி சுத்துற? டாக்டரப் பாத்தியா? எதையாவது மறைக்கிறியா?"

"ஒண்ணுமில்ல வெல்மா."

"நாப்பது வருஷமா நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா என்னமோ இருக்குன்னுதான் அர்த்தம்."

கடைசியில் அவர் பிடித்த வழி இதுதான்: பொய்க் காசை மெய்க் காசாக்கிவிடுவது. அசல் எண்பத்தைந்து ஒன்றைத் தேடிப் பிடித்து, சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டால் வாஷிங்டன்காரன் அசல் என்றே எழுதுவான். மியூசியம் வைக்கும். டெல்பர்ட் சாகிற வரை சந்தோஷமாக இருப்பார். நினைக்க நினைக்க அது பாவத்துக்குப் பரிகாரம் மாதிரியே தோன்றியது. இத்தனை வருடம் கழித்து அந்தத் துளையில் நிஜமாகவே ஓர் எண்பத்தைந்து உட்காரப் போகிறது, யாருக்கு என்ன நஷ்டம்?

ஹாரிஸ்பர்க்கில் சனிக்கிழமை நாணயக் கண்காட்சி. ஹார்லன் மேசை மேசையாக நடந்தார். கிடைத்த எண்பத்தைந்துகள் ஒன்று புதுசு போல மின்னின, இல்லாவிட்டால் தலை எது முடி எது என்று தெரியாமல் தேய்ந்திருந்தன. டெல்பர்ட்டுடையது நடுத்தரம், கிரீடத்தில் எழுத்து முழுதும் படிக்கலாம். மூன்று மணிக்கு மேல் ஒரு தடித்த வியாபாரியின் பெட்டியில் அதற்குக் கிட்டத்தட்ட வருகிற ஒன்று அகப்பட்டது. முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கல்.

"என்ன பெரியவரே, அரை மணி நேரமா ஒரே காசப் பாக்குறீங்க? பொண்ணா பாக்க வந்தீங்க?" என்றான் வியாபாரி.

"மாத்திக்குவீங்களா?"

"கையில என்ன இருக்கு?"

ஹார்லன் கோட்டுப் பையிலிருந்து தன் கேடய நிக்கலை எடுத்து வைத்தார். 'வி' காசுக்கும் முந்தினது, முகப்பில் கேடயம் போட்டது, எண்பதாம் வருடத்தது. அவருடைய சேகரிப்பில் உருப்படியான காசு அது ஒன்றுதான். பதினேழு வருடம் தேடி வாங்கியது. வியாபாரி லென்ஸ் வைத்துப் பார்த்தான், ஹார்லனையும் ஒரு தடவை பார்த்தான்.

"இதக் குடுத்துட்டு அதக் கேக்குறீங்களே, வீட்டுல எதும் பிரச்சினையா?"

"இஷ்டம்னா சொல்லுங்க."

"எனக்கென்ன, இஷ்டம்தான்," என்று அவன் கையை நீட்டினான்.

செப்டம்பர் முப்பது, ஞாயிறு. தேவாலயம் முடிந்து டெல்பர்ட் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வெல்மா கொடுத்தனுப்பிய வெல்லப்பாகு கேக்கை அறுத்துத் தட்டில் வைத்துவிட்டு டெல்பர்ட் காசை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "கடைசியா ஒரு தடவ பாத்துக்கோ. நாளைக்கிக் காலையில பொட்டலம் கட்டிடுவேன்." அடுப்பில் காப்பி பொங்கியது. அவர் திரும்பினார். ஹார்லனுக்கு முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்தச் சாப்பாட்டுக் கடையில் செய்த அதே வேலை, அதே மாதிரி ஒரு மேசை. கை தானாகச் செய்தது. பொய்க் காசு கோட்டுப் பைக்குள் போயிற்று.

"எப்படி இருக்கா நம்ம ராணி?" என்றார் டெல்பர்ட், கோப்பையோடு திரும்பி வந்து.

"நல்லா இருக்கா."

வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தின் நடுவில் நின்றார். பொய்க் காசைக் கையில் எடுத்தார். வைத்திருந்தால் என்றைக்காவது வெல்மா கண்ணில் படும், வேறு யார் கையிலாவது போகும். ஆற்றில் போட்டுவிட்டார். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்து ஐந்து நிமிடம் நின்றார். வரவில்லை, காற்றுதான் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கள் காலை எட்டரை மணிக்குக் கதவை யாரோ உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். வெல்மா திறந்தாள். டெல்பர்ட் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்கு வந்து, மேசையில் ஒரு நிக்கலை வைத்தார்.

"ஹார்லி, என் காசு எங்க?"

"இதான உன் காசு?"

"என்கிட்ட நடிக்காத." குரல் உடைந்திருந்தது. "என் காசுக்குப் பின்பக்கம், 'வி'க்கு எடது கைப்பக்கம் கீழ ஒரு வடு இருக்கும். அன்னிக்கி அந்தக் கடையில கீழ விழுந்தப்ப நாற்காலிக் காலு ஏறின வடு. லோயிஸ் அதத் தடவித் தடவிப் பாப்பா. அது எங்க?"

வடுவா? அப்படி ஒன்று இருந்தது ஹார்லனுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடத்தில் அந்தக் காசு எத்தனை தடவை அவர் கைக்கு வந்திருக்கிறது! ஒவ்வொரு தடவையும் கண் நேரே அந்த ஐந்தின் மேல் போய் நிற்கும், யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா என்று பார்க்கும். மறுபக்கம் திருப்பினதே இல்லை. ஊர் நம்பிய கண்ணின் லட்சணம் அது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அவர் சொல்லிவிட்டார். உளி, மூன்று மத்தியானம், காப்பிக் கடை, மாற்றி வைத்த நிக்கல், கேடயக் காசைக் கொடுத்து இதை வாங்கியது, எல்லாவற்றையும். வெல்மா அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் டெல்பர்ட் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் மேசையில கவுந்து அழுதப்ப நீ பக்கத்துல ஒக்காந்திருந்த. சிரிச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், அங்கே போய் உண்மையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல சிரிச்சேன் டெல். அப்புறம் முடியல."

டெல்பர்ட் தலையை ஆட்டினார். பிறகு கையை நீட்டினார். "குடு. பொய்யோ மெய்யோ, அது என்னுது. குடு."

"ஆத்துல போட்டுட்டேன்."

அந்த ஒரு சொல்லில்தான் டெல்பர்ட் ஆடிப்போனார். நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். வெல்மா தண்ணீர் கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. மேசைமேல் இருந்த காசைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

"இல்ல. நீ கத விடற. என் காசு அசல். மியூசியத்துல வைக்கப் போறாங்கன்னதும் ஒனக்குப் பொறுக்கல. எடுத்துட்டு இந்தத் தேஞ்சத வச்சுட்ட. அதான் நடந்துச்சு."

"டெல், சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத!" மேசை அதிர்ந்தது. "நீ சொல்றத நான் நம்பினா, லோயிஸ் எதப் பாக்க என் வீட்டுக்கு வந்தா? எனக்கு எதுக்கு வேலை குடுத்தாங்க? மாசா மாசம் அத்தன பேரும் எதுக்கு அந்தத் தட்டச் சுத்தி ஒக்காந்தோம்? எல்லாம் ஒன் வெளையாட்டா? முடியாது ஹார்லி. நீ திருடனா இரு. அத என்னால தாங்கிக்க முடியும்."

எழுந்து காசைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கிச் சங்கத்துல சொல்லப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஹார்லன் கோட்டை மாட்டும்போது வெல்மா வந்து கழுத்துப்பட்டையைச் சரி செய்தாள். "நீ செஞ்சது தப்பு. அதுக்கு நான் ஒன்னக் காலத்துக்கும் திட்டுவேன். ஆனா நீ திருடல. எந்திரிச்சு நின்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வா. ஞாயித்துக்கெழம நான் தேவாலயத்துல மூணாவது பெஞ்சுல ஒக்காரணும்."

"சொல்றேன்," என்றார் ஹார்லன். சொல்வதாகத்தான் போனார்.

அவர் போனபோது எல்லோரும் வந்திருந்தார்கள். டெல்பர்ட்டின் பக்கத்து நாற்காலி வழக்கம்போல ஹார்லனுக்காகக் காலியாக இருந்தது. அதில் உட்கார ஹார்லனுக்குத் தைரியம் இல்லை, கதவோரம் நின்றுகொண்டார். டெல்பர்ட் எழுந்தார். நேற்றுச் சமையலறையில் சொன்ன திருட்டுப் புகாரை அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். காசைப் பச்சைத் துணியில் வைத்தார். "இதான் அவன் வச்சுட்டுப் போனது."

தட்டு பெர்னிஸிடம் வந்தது. லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார் அந்த அம்மா.

"சாவ்டர், ஒங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்றார் கடைசியில். "இதுவும் அசல் எண்பத்தஞ்சுதான். எண்பத்தஞ்ச எடுத்துட்டு எண்பத்தஞ்சையே எவனாவது வப்பானா? எந்தத் திருடன் அப்படித் திருடுவான்? எனக்குக் கணக்கு ஒதைக்குதே."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹார்லனுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. சரியான இடத்தில் கேட்டுவிட்டார் மகராசி. இனி இவர் வாயைத் திறந்து, நடந்ததைச் சொன்னால் போதும், எல்லோரும் நம்புவார்கள்; மூன்றை ஐந்தாக்க இந்தக் கையால் முடியும் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

டெல்பர்ட் பதில் சொல்லத் தடுமாறினார். "என்னோடது..." என்றார். "என்னோடது இதவிட நல்லா இருந்துச்சு. எழுத்து முழுசாத் தெரியும். இதுல மொத எழுத்து மங்கல். அவனையே கேளுங்க."

தேய்ந்ததை வைத்துவிட்டு நல்லதை எடுத்துக்கொள்கிற திருட்டு. வெளியே யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், ஐந்து சென்ட் காசில் என்ன நல்லது கெட்டது என்பார்கள். காசு சேர்க்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த திருட்டு, ஒவ்வொரு கண்காட்சியிலும் நடக்கிற திருட்டு. பெர்னிஸ் மறுபடி லென்ஸை வைத்து அந்த முதல் எழுத்தைப் பார்த்தார். பிறகு பதின்மூன்று தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின.

ஹார்லன் டெல்பர்ட்டின் முகத்தை மட்டும் பார்த்தார். கண்ணில் கோபமே இல்லை. தபால்காரனாக யுத்த காலத்தில் வீடு வீடாகப் போய்க் கடிதம் கொடுத்தபோது, சாவுச் சேதியோ என்று பிரிக்கப் பயந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களின் கண்ணைப் பற்றி டெல்பர்ட்டே அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்தான் இப்போது இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெல்மாவின் மூன்றாவது பெஞ்சு ஞாபகம் வந்தது. நாற்பது வருடம் சேர்த்த பெயர் ஞாபகம் வந்தது. வேண்டாம், திருட்டை ஒத்துக்கொள்ளாதே என்று ஒரு பக்கம் மனசு கத்தியது.

"ஆமா," என்றார் ஹார்லன். "அவனோடது இதவிட நல்ல காசு."

டெல்பர்ட் மெதுவாக மூச்சு விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி, பக்கத்தில் காலியாக இருந்த ஹார்லனின் நாற்காலியில், வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி வைத்தார்.